பின்தொட்டியில் ஒரு கை

அந்தச் சட்டம் வந்தால் முதலில் வாழப்போவது நான்தான் என்று தெருவே பேசியது. பேசியதில் தப்பும் இல்லை. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது என் பிழைப்பு, ஊரில் அதைச் செய்கிற ஒரே பொம்பளை நான். சொந்த உபயோகம் என்று பதிவு செய்துவிட்டுத் தொழிலுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டிகளையெல்லாம் இனி லாரியைப் போலத் தொழில் வண்டியாகவே நடத்தப்போகிறோம் என்று நகரசபை அறிவிப்பு ஒட்டியது. தொழில் வண்டிக்கு மஞ்சள் தகடு. நான் ஓடிப்போய் மஞ்சள் தகடுகளை மொத்தமாக வாங்கிக் கடைக்குள் ஆள் நுழைய முடியாதபடி அடுக்கினேன். அந்த வாரத்திலிருந்து தெருவில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் நான் 'பிளேட்டு' ஆகிவிட்டேன்.

பக்கத்துப் பட்டறை கண்ணாடிக்கார அண்ணன் மட்டும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அவருக்குச் சிரிப்பு வருகிற நிலைமை இல்லை. வீட்டு ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் வேலை. மாடியில் வீடு, கீழே பட்டறை, வாசலில் பிக்கப். என் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே வெட்டுக்கருவி கண்ணாடிமேல் கீச்சென்று ஓடுவதும், பிறகு அதை அவர் இரண்டு கையாலும் பிடித்து முறிப்பதும் எனக்கு இங்கே கேட்கும். சண்டை போட்டாலும் கேட்கும். நல்லவேளை, அவர்கள் அதிகம் சண்டை போடமாட்டார்கள்.

அந்த பிக்கப் ஊருக்கே தெரிந்த வண்டி. சைக்கிளில் போகிறவர்கள்கூட அதை முந்திக்கொண்டு போவார்கள், போகும்போது அண்ணனுக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போவார்கள். 'ஆமை' என்று பெயர். அவ்வளவு மெதுவாகப் போவதற்குக் காரணம் பின்தொட்டியில் உட்கார்ந்திருக்கும் அண்ணி.

கண்ணாடியைப் படுக்கவைத்து ஏற்ற மாட்டார்கள். மரச் சட்டத்தில் சாய்த்து, செங்குத்தாக நிறுத்தி, இடையிடையே பழைய போர்வைகளைச் செருகிக் கயிறு கட்டுவார்கள். மற்ற ஊர்க் கண்ணாடிக்காரர்கள் அத்தோடு கிளம்பிவிடுவார்கள் போலிருக்கிறது. இவர்கள் குடும்பத்தில் அது போதாது. கேபினில் முதுகைச் சாய்த்து, மடித்துப் போட்ட மெத்தையில் ஒருவர் உட்கார்ந்து, கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வரவேண்டும். கண்ணாடி நடுங்கினால் கைக்குத் தெரியும். தெரிந்ததும் கேபின் தகரத்தில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. முன்னால் ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைப்பார். கைச்சூடு பட்டால் கண்ணாடி பயப்படாது என்பது அண்ணனுடைய அப்பா சொல்லிவிட்டுப் போனது. அப்பா ஓட்டிய காலத்தில் அண்ணனின் அம்மா பின்னால் உட்கார்ந்தார். அண்ணி கல்யாணமாகி வந்ததும் மாமியார் மற்ற வீடுகளைப்போல் சாவிக்கொத்தைக் கொடுக்கவில்லை, மெத்தையைக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை என்பது அண்ணனுக்கு இருந்த ஒரே பெருமை. அதை மட்டும் யார் முன்னாலும் சொல்லக் கூச்சப்படமாட்டார்.

புதுச் சட்டம் கை வைத்ததே அந்த இடத்தில்தான். பின்தொட்டியில் ஆள் ஏறக்கூடாது. குடும்பத்து ஆட்களைத் தொழில் வண்டியில் ஏற்றக்கூடாது. வீடுகள் இருக்கிற தெருவில் நிறுத்தக்கூடாது. அறிவிப்பை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மாமியாருக்கு முட்டி தேய்ந்து, வாராவாரம் அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். புது நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு ஆள் உயரத்தைத் தாண்டிய கண்ணாடிகளைப் பொருத்தும் வேலை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை.

"அவ கை இல்லாம அதை எப்படிக் கொண்டு போறது?" என்று என்னைக் கேட்டார். நான் எழுதிக்கொண்டிருந்த தகட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். என்னைச் சுற்றி மஞ்சள் தகடுகள் அடுக்கி நின்றன. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம். வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணி பட்டறையிலிருந்து எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே தன் டீயைக் குடிக்க ஆரம்பித்தார். நான் ஒரு வெள்ளைத் தகட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அதன்மேல் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. என் பெயின்ட்தான் சிந்திவிட்டது என்று துணியை எடுத்தேன். இன்னொரு சொட்டு விழுந்தது.

"அண்ணி, உங்க கை."

"எந்தக் கை?" என்றார். இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே நீளமாகக் கண்ணாடி கிழித்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பதறிப்போய்த் துணியைச் சுற்றினேன். கட்டுப் போடும்போது அந்தக் கை ஒருமுறைகூட இழுக்கவில்லை. அப்போதுதான் டம்ளரை அதே கையால் பிடித்திருந்தார் என்பது எனக்கு உறைத்தது. என் டம்ளரை நான் இன்னும் தொட முடியாமல் வைத்திருந்தேன். அவ்வளவு சூடு.

"வலிக்கலையா?"

"கைல உணர்ச்சி போன வருஷ மழைக்கு முந்தியே போயிடுச்சு பிளேட்டு. மொதல்ல விரல் நுனி மரத்துச்சு. அப்பறம் உள்ளங்கை. இப்ப குத்துனாலும் தெரியல, சுட்டாலும் தெரியல."

"அப்ப வண்டில பின்னாடி உக்காந்து..."

"சும்மா வச்சிருக்கேன். ரோடு எனக்கு மனப்பாடம். தண்டவாளம் வந்தா தட்டுவேன், மில்லு வளைவு வந்தா தட்டுவேன். புது ரோடா இருந்தா பக்கவாட்டுல எட்டிப் பார்த்துக்குவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை மனதில் போட்டுக்கொண்டு இத்தனை நாள் டீ குடித்துக்கொண்டிருந்தாரா? அண்ணனிடம் சொல்லவேண்டியதுதானே என்று சத்தம் போட்டேன். அவர் பலகைத் தடுப்பைக் கண்ணால் காட்டினார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"சொன்னா வண்டியவே எடுக்க மாட்டாரு. வேற யாரு உக்காருவா? அத்தைக்கு முட்டி மடங்காது. நூலக வேல தலைக்கு மேல நிக்குது. எப்படியும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, விடு. நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஆமை வாசலை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் நான் பிரஷ்ஷை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். அண்ணி மெத்தையில் உட்கார்ந்து, மரத்துப்போன கையைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போவார். கண்ணாடி சரிந்து மேலே விழுந்தால் அந்தக் கைக்கு அது விழுந்ததே தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

சட்டத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல நகரசபை ஒரு நாள் குறித்தது. பிக்கப் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பைப் ஏற்றுகிறவர்கள், சோபா ஏற்றுகிறவர்கள், பெயின்டர்கள், கிணற்று மோட்டார் இறக்குகிறவர்கள். அவர்கள் கூடி, எதிர்த்துப் பேச அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரையும் இடித்ததில்லை, எதையும் உடைத்ததில்லை, ஆமையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்குதான். வேகமாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மெதுவாக ஓட்டுகிற ஒருவரை முன்னால் நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணன் பேசிப் பழகினார். யாரோ ஒரு முடிதிருத்தும் கடைக்கு வெட்டி வைத்திருந்த பெரிய முகக்கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்து, "மதிப்புக்குரிய அதிகாரிகளே" என்று ஆரம்பிப்பார். வாழ்நாள் முழுக்க முகக்கண்ணாடி வெட்டுகிறவர் தன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வரி போனதும் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார். மாடியிலிருந்து மாமியார், "இன்னும் சத்தமா" என்று குரல் கொடுப்பார்.

அவர் பேச்சில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, எங்களுக்கு இருப்பது ஒரே வண்டி, காலையில் அது பட்டறை, சாயந்தரம் அது வீடு. இரண்டு, பின்னால் கை இல்லாமல் கண்ணாடி போய்ச் சேராது. முதல் விஷயத்துக்கு நானே கைதட்டத் தயாராக இருந்தேன். இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கருத்துச் சொல்லும் நாள் காலை அண்ணி அவித்த முட்டையை ரொட்டிக்குள் வைத்துச் சுற்றி எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் கேபினில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். பின்தொட்டி காலி. சுமை இல்லாதபோதும் அண்ணன் அதே வேகத்தில்தான் ஓட்டினார். "ஏங்க, பின்னாடி யாரும் இல்ல" என்று அண்ணி சிரித்தார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நகரசபைக் கூடத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டன, காற்றுதான் வரவில்லை. மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரியம்மா ஒவ்வொருவர் பேசி முடித்ததும் நன்றி சொன்னார், அதை முகத்தைப் பார்த்துச் சொன்னார். சட்டம் வேண்டும் என்று முதலில் பேசியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஊன்றுகோலோடு வந்திருந்தார். முன்னால் வேகமாகப் போன பிக்கப்பிலிருந்து கயிறு அறுந்து இரும்பு பைப் சரிந்து இவருடைய ஸ்கூட்டர்மேல் விழுந்திருக்கிறது. ஓட்டியவனிடம் கேட்டால் இது சொந்த வண்டி, சோதனை கிடையாது, சுமைக் கட்டுப்பாடு கிடையாது என்றானாம். வாத்தியார் குரலை உயர்த்தவே இல்லை. கால் போனதைவிட அந்தப் பதில்தான் தனக்கு ஆறவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு அண்ணன். முதல் பாதி நன்றாகவே பேசினார். அம்மாவின் முட்டியைச் சொன்னார், வாசலில் நிறுத்தாவிட்டால் கருவிகள் களவு போவதைச் சொன்னார், சின்னத் தொழில்காரனுக்கு வீடு எது பட்டறை எது என்று பிரித்துக்காட்ட முடியாது என்றார். கூடம் தலையாட்டியது. அதிகாரியம்மா, பின்தொட்டியில் ஆள் ஏறக்கூடாது என்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்து நின்றார். "கை இல்லன்னா கண்ணாடி நிக்காதுங்க. மொதல்ல எங்கம்மா கை, இப்ப இவ கை. இது வரைக்கும் எங்க வண்டில ஒரு கண்ணாடி உடைஞ்சதில்ல. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க வந்திருக்காங்களா?" என்றார் அதிகாரியம்மா. கூடத்தில் லேசாகச் சிரிப்பு.

அண்ணி எழுந்தார். நான் அவர் சேலை நுனியைப் பிடித்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. உட்காரவைக்கவா, தைரியம் சொல்லவா. அவர் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"ஒரு கண்ணாடிகூட உடையலங்கறது நெசம்தாங்க. ஆனா என் கைல உணர்ச்சி இல்ல. போன வருஷ மழைக்கு முன்னாடியே போயிடுச்சு. வச்சிருக்கேன், அவ்வளவுதான். அந்த எடத்துல ஒரு கட்டைய வச்சாலும் ஒண்ணுதான்."

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். நான் என் வாழ்க்கையில் ஒரு மனுஷன் முகம் அப்படி வெளிறிப் பார்த்ததில்லை.

"அப்பறம் எப்படி உடையாம போகுதுன்னு நானும் யோசிச்சேங்க. பின்னாடி உக்காந்து வேற என்ன வேல? நான் இருக்கேன்னு இவரு மெதுவா ஓட்டுறாரு. அதான் உடையல. என் கை கண்ணாடிய நிறுத்தி வைக்கல, இவரு கால நிறுத்தி வச்சிருக்கு." வாத்தியார் பக்கம் திரும்பினார். "இந்த சார் மேல விழுந்த பைப்பு வந்த வண்டில பின்னாடி யாரும் இல்ல. இருந்திருந்தா அந்தாளு அந்த வேகம் வந்திருக்க மாட்டான். அதுக்காக எல்லா வண்டிலயும் பொண்டாட்டிய ஏத்தி உக்கார வைக்க முடியுமா? அதுக்குத்தான் சட்டம் வேணுங்கறேன்."

சங்கத்துக்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. அண்ணி அதற்காக நிற்கவில்லை.

"ஆனா கண்ணாடிய எறக்குனப்பறம் அதே வண்டில எங்க அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாது, எங்க வாசல்ல நிறுத்தக்கூடாதுன்னா அது எந்த ஊரு நியாயம்? சுமைக்குச் சட்டம் போடுங்க. வீட்டுக்குப் போடாதீங்க."

உட்கார்ந்ததும் சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதிகாரியம்மா ஏதோ எழுதிக்கொண்டார். வாத்தியார் தன் இடத்திலிருந்து அண்ணியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

திரும்பும்போது முட்டை ரொட்டி பிரிக்கப்படாமலே அண்ணி மடியில் கிடந்தது. மில் வளைவு தாண்டியதும் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். எழுந்து போகவும் வழி இல்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது.

"கையக் குடு" என்றார்.

எனக்குக் குறுக்கே அண்ணி இடது கையை நீட்டினார். அண்ணன் உள்ளங்கையில் நகத்தால் கோடு போட்டார். "தெரியுதா?" இல்லை என்று தலையாட்டல். விரல் நுனியைக் கிள்ளினார். அதற்கும் தலையாட்டல். அவர் கையை விடவில்லை.

"ஊருக்கே சொன்ன. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய நிறுத்திருவீங்க."

"நிறுத்தியிருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று எதிரே நின்ற மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ சொன்னது எனக்குக் கோவமில்ல. அந்தக் கைய நான் தினமும் பார்க்கறேன். எனக்குத் தெரியாமப் போச்சே, அதான்" என்றார். அண்ணி ரொட்டியைப் பிரித்து மூன்றாகப் பிய்த்தார். எனக்குச் சின்னத் துண்டுதான் கிடைத்தது. நான் கேட்கவில்லை.

மறுநாள் வாராந்திர ஆஸ்பத்திரிப் பயணத்தில் மாமியாரோடு அண்ணியும் போனார். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறது என்றார்கள். கையை மடக்கி வைத்து ஓயாத அதிர்வில் வருஷக்கணக்காக வேலை செய்ததால் வந்தது. இத்தோடு நிறுத்தினால் மெதுவாகத் திரும்பும், தொடர்ந்தால் திரும்பாது. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை மாட்டி அனுப்பினார்கள்.

சங்கத்தில் சிலர் அண்ணி காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பட்டறை வாசலில் வந்து நின்று பேசினார்கள். அண்ணன் வெட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னதை நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். அவள் பேசியதில் எது பொய் என்று ஒரே ஒன்று சொல்லுங்கள், நான் சங்கத்தை விட்டே போய்விடுகிறேன் என்றார். அவர்கள் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஆனால் பெரிய கண்ணாடியை எப்படிக் கொண்டுபோவது என்ற பயம் அவரை விட்டபாடில்லை. அண்ணி சொன்னது தலைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. அப்பாவின் வார்த்தையை மீறுவதுபோல் இருந்திருக்கும். ஒரு சாயந்தரம் பட்டறையில் எல்லோரும் இருக்கும்போது, "அம்மா, நீ உக்காந்தப்ப நெசமாவே கைல தெரியுமா?" என்று மாமியாரைக் கேட்டார்.

மாமியார் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன தெரியும்?"

"கண்ணாடி நடுங்கறது."

"எனக்குத் தூக்கம் வர்றதுதான் தெரியும்" என்றார். "வீட்டு வேலைய முடிச்சுட்டு ஏறி உக்காருவேன். மெத்த இருக்கு, காத்து வருது, வண்டி தொட்டில் மாதிரி ஆடும். தண்டவாளம் வர்றதுக்குள்ள தூங்கிருவேன். பெரிய குழி வந்தா தல பின்னாடி போய் இடிக்கும், டொக்குனு. உங்கப்பா நான் தட்டுறேன்னு நெனச்சு மெதுவாப் போவாரு."

அண்ணியும் நானும் சிரித்துச் சிரித்துக் கண்ணாடித் தூள் கிடக்கிற தரையிலேயே உட்காரப் பார்த்தோம். அண்ணன் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். "இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?" என்றார்.

"அந்த மனுஷன் என் கையப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசுவாரு. கெடுப்பானேன்?" என்று மாமியார் மறுபடி எண்ணெயைத் தொட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் ஒன்று செய்யச் சொன்னார். சாய்வு அதே சாய்வு, ஆனால் அடியிலும் முதுகிலும் தடித்த ரப்பர், குறுக்கே அகலமான பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இறுக்குகிற கொக்கி. ஒரு பழைய கண்ணாடியை அதில் மாட்டித் தன்னந்தனியாகக் கிளம்பினார். தண்டவாளம், மில் வளைவு, ஏரிக்கரைக் குழிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். நாங்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தோம். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். விரலால் ஓரம் முழுக்கத் தடவினார்.

"உடையலையே" என்றார், ஏதோ குறை சொல்வதுபோல.

நகரசபைச் சட்டம் அந்த வருஷ மழை முடியும் தறுவாயில் வந்தது. யார் கேட்டதும் முழுசாகக் கிடைக்கவில்லை, யாருக்கும் கையை விரிக்கவும் இல்லை. சுமை ஏற்றுகிற பிக்கப் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை பிரேக், டயர், சுமையைத் தாங்கும் சட்டகம், கட்டும் பட்டை சோதனைக்கு வரவேண்டும். இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வண்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். பின்தொட்டியில் ஆள் கூடாது. ஆனால் சின்ன பிக்கப்புகளை வீட்டு வாசலில் நிறுத்தலாம், கேபினில் குடும்பத்தை ஏற்றலாம். மஞ்சள் தகடு தேவையில்லை, முன்கண்ணாடியில் நகரசபை தருகிற ஒரு ஸ்டிக்கர் போதும். என் தகடுகள் அப்படியே நின்றன. தெருவில் தண்ணீர் டிரம் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இப்போது அந்த மஞ்சள் தகடுதான் மூடி. பிளேட்டு என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சியது. சுமை அளவை வண்டியில் எழுத ஆள் வேண்டுமே என்று அண்ணி சொன்ன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. முதலில் ஆமைக்கு எழுதினேன், மற்றவர்கள் தானாக வந்தார்கள். சோபாக்காரரும் வந்தார், அன்று வாசலில் நின்று சத்தம் போட்டவர்.

ஒரு நாள் காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் டம்ளர் விழுந்து உருளும் சத்தம். கூடவே அண்ணியின் குரல். "சுடுதுங்க." பதறி ஓடினேன். தரையெல்லாம் டீ. அண்ணி இடது கையை உதறிக்கொண்டு நின்றார், கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "பிளேட்டு, சுடுதுடி" என்று என்னிடமும் சொன்னார். அண்ணன் இன்னொரு டம்ளர் டீயை ஊற்றிக்கொண்டு வந்து, இதையும் தொட்டுப் பார் என்றார். பைத்தியக்காரக் குடும்பம்.

நூலகக் கண்ணாடிகளை ஏற்றுகிற நாள் வந்தது. அண்ணி இன்னும் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கையுறை மாட்டிக்கொண்டு நானும் தூக்கினேன். வெயில் ஏறுவதற்குள் கிளம்பவேண்டும் என்று அண்ணி விடியுமுன்பே எழுந்து சமையலை முடித்து, மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்து, போர்வைகளை உதறிக் கொடுத்திருந்தார். பட்டைகளை அண்ணன் இறுக்கினார், பிறகு அண்ணி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், பிறகு அண்ணன் மறுபடி இழுத்துப் பார்த்தார். பழைய மெத்தை பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. அண்ணி அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேபினில் நடுவில் ஏறி உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம்.

கண்ணாடி ஏற்றிய வண்டியில் அண்ணி முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை நாலு தடவை திருப்பி வைத்தார். வண்டி தெருவைத் தாண்டியது. எல்லோருமே முதுகால் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தண்டவாளம் நெருங்கியது. பின்னாலிருந்து டொக் டொக் வரவேண்டிய இடம். வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். அண்ணன் வலது கையை மடக்கி ஸ்டியரிங்கின் மேல் தானே இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டுக் காலைத் தளர்த்தினார். வண்டி தண்டவாளத்தை ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

மில் வளைவில் ஏதோ கனமாக என் தோள்மேல் சாய்ந்தது. திரும்பினேன். அண்ணி வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிப்போயிருந்தார். பட்டை மாட்டிய கை மடியில் மல்லாந்து கிடந்தது. அண்ணனுக்கு ஜாடை காட்டினேன். அவர் பார்த்தார். சிரிக்கப்போகிறார், அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

முன்னால் ரோடு மேடு பள்ளம் இல்லாமல், துடைத்துவிட்டதுபோல் நேராகக் கிடந்தது. அதில் போய் அண்ணன் வண்டியை இன்னும் மெதுவாக்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் வந்த லாரி அடித்தது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி முந்திக்கொண்டு போகச் சொன்னார். ஒவ்வொருவராக முந்திப் போனார்கள். அண்ணி நூலக வாசல் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.